விசா தேவையில்லை, நாட்கணக்கு தேவை

சென்ற தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் மாலை, மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நமது உறுப்பினர் ஒருவர் சங்க அலுவலகத்திற்கு வந்தார். முகம் வாடியிருந்தது. அவருடைய தங்கை மகன் மலேசியாவுக்குப் போயிருந்தான். இப்போது எல்லைச் சாவடியில் அவனை உள்ளே விடாமல் திருப்பிவிட்டார்களாம். பையன் தாய்லாந்துப் பக்கத்தில், மாற்று உடுப்புக்கூட இல்லாமல் நிற்கிறான் என்று போன் வந்திருந்தது.

"விசாவே வேண்டாத ஊருக்கு எப்படி அண்ணாச்சி உள்ளே விடமாட்டேன்னு சொல்ல முடியும்?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். இன்று நம் வியாபாரிகளில் பலர் இதே நினைப்போடுதான் விமானம் ஏறுகிறார்கள். பேக்கிங் மெஷின் பார்க்க, பிளாஸ்டிக் சாமான் பார்க்க, உணவுப் பொருட்காட்சி பார்க்க என்று பாங்காக்குக்கும் கோலாலம்பூருக்கும் போய்வருவது, மதுரைக்கோ விருதுநகருக்கோ கொள்முதலுக்குப் போய்வருவது போல ஆகிவிட்டது. நம் முன்னோர் 'ரஜூலா' கப்பலிலும் 'சிதம்பரம்' கப்பலிலும் நாட்கணக்கில் பயணம் செய்து போன பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இன்று 4 மணி நேரத்தில் போய்விடுகிறோம். போவது எளிதாகியது நல்லதே. ஆனால் எளிதானதால் கணக்குப் பார்க்காமல் போகிறோம். ஆகவே 'விசா தேவையில்லை' என்ற இரண்டு சொல்லுக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதை நாம் ஒருமுறை விரிவாகப் பார்த்துவிடுவோம்.

விசா விலக்கு என்றால் என்ன?

ஒரு நாடு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா விலக்கு அளித்திருக்கிறது என்றால், முன்கூட்டியே அந்த நாட்டுத் தூதரகத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, விசா ஒட்டி வாங்க வேண்டியதில்லை என்று பொருள். அவ்வளவுதான். உள்ளே நுழையும் அனுமதி விமான நிலையத்திலோ எல்லைச் சாவடியிலோ இருக்கும் அதிகாரி கையில்தான் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் 'குடிநுழைவுத் துறை' என்று சொல்லும் இமிகிரேஷன் இலாகாதான் அது. அவர் முத்திரை குத்தினால் உள்ளே போகலாம். இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். காரணத்தை நீட்டி விளக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அந்த அனுமதிக்கும் மூன்று வேலிகள் உண்டு. ஒன்று, எத்தனை நாள். இரண்டு, எந்தக் காரியத்திற்கு. மூன்று, எத்தனை தடவை. நம்மவர்கள் முதல் வேலியை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போகிறார்கள். மற்ற இரண்டும் அவர்கள் காதிலேயே விழுவதில்லை.

நாட்கணக்கும் நிலையானதன்று. தாய்லாந்தையே எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பர் வரை இந்தியர்கள் பாங்காக்கில் இறங்கி, 2,000 பாட் கட்டி, 15 நாள் விசா வாங்கிக்கொண்டிருந்தார்கள். 10 நவம்பர் 2023 முதல் விசா இல்லாமல் 30 நாள் என்றார்கள். 15 ஜூலை 2024 முதல் அதை 60 நாள் ஆக்கினார்கள். மறு வருடமே அதைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்துவிட்டது. மலேசியா 1 டிசம்பர் 2023 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு அளித்தது. பிறகு அதை 31 டிசம்பர் 2026 வரை நீட்டிப்பதாக 2024 இறுதியில் அறிவித்தது. இப்படி ஒவ்வொரு சலுகைக்கும் ஒரு தொடக்கத் தேதியும், பெரும்பாலும் ஒரு முடிவுத் தேதியும் இருக்கும்.

போன வருடம் போனவர் சொன்ன நாட்கணக்கு, போன வருட மிளகு விலை மாதிரி. இன்றைக்கு அதை நம்பி ஆர்டர் போட முடியாது. டிக்கெட் எடுக்கும் நாளில் அந்த நாட்டுத் தூதரகம் என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு.

நாளை எண்ணும் முறை

வட்டிக் கணக்கில் தவறாத நம்மவர்கள் நாட்கணக்கில் தவறுவது வேடிக்கை. ஒரு மாதம் வேறு, 30 நாள் வேறு. ஜனவரி 6ஆம் தேதி ஒருவர் உள்ளே நுழைகிறார். 30 நாள் அனுமதி. 'பிப்ரவரி 6 வரை இருக்கலாம்' என்று அவர் மனக்கணக்குப் போடுகிறார். நுழைந்த நாளையும் முதல் நாளாகச் சேர்த்து எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் ஜனவரி 31 அன்றே 26 நாள் ஆகிவிட்டது. பிப்ரவரி 4 தான் 30ஆவது நாள். பிப்ரவரி 6 வரை இருப்பவர் இரண்டு நாள் கெடு தாண்டியவர்.

அடுத்து, புறப்பட்ட நாளை எண்ணக் கூடாது. நுழைந்த நாளை எண்ண வேண்டும். சென்னையிலிருந்து இரவு விமானத்தில் 5ஆம் தேதி கிளம்பினால் அங்கே இறங்குவது 6ஆம் தேதி காலை. தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தியது. மலேசிய நேரம் இரண்டரை மணி நேரம் முந்தியது. நமக்கு இரவு 10 மணியாக இருக்கும்போது கோலாலம்பூரில் தேதி மாறிவிடும்.

திரும்பும்போது இதே விஷயம் இன்னும் சிக்கலாகும். கடைசி நாளுக்கு மறுநாள் 00.30 மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, 'அதுவும் ராத்திரிதானே' என்று இருப்பார்கள். இரவு 12 மணிக்குள் இமிகிரேஷன் கவுண்டரைத் தாண்டிவிட்டால் தப்பித்தார்கள். வரிசை நீண்டு 12 மணி அடித்துவிட்டால் அது கெடு தாண்டிய நாள். ஆகவே கடைசி நாளில் புறப்படுவதாக டிக்கெட் எடுக்கவே வேண்டாம். இரண்டு நாளாவது மிச்சம் வையுங்கள். காலாவதித் தேதிக்கு முதல் நாள் வரை சரக்கை அடுக்கில் வைத்திருக்கிற கடைக்காரர் உண்டா?

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியவுடன், கவுண்டரை விட்டு நகருமுன், எந்தத் தேதி வரை என்று படித்துக்கொள்ள வேண்டும். ஏஜெண்ட் சொன்னது, நண்பர் சொன்னது, செய்தித்தாளில் வந்தது எதுவும் அங்கே செல்லாது. முத்திரையில் இருப்பதே செல்லும். சிங்கப்பூர் போன்ற இடங்களில் இப்போது முத்திரை குத்துவதில்லை. தங்கும் கெடு மின்னஞ்சலில் வருகிறது. ஆகவே நுழைவுப் படிவத்தில் ஏஜெண்டின் மின்னஞ்சலைக் கொடுக்காமல் நமதைக் கொடுக்க வேண்டும்.

ஐரோப்பாவுக்குக் கண்காட்சி பார்க்கப் போகும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷெங்கன் நாடுகளுக்கு நமக்கு விசா வேண்டும். பல தடவை போய்வரும் விசா வைத்திருந்தாலும், எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் நின்று பின்னோக்கி 180 நாளைப் பார்க்கும் கணக்கு இது. வெளியே போய் மறுநாள் திரும்பி வந்தால் புதுக்கணக்குத் தொடங்காது. 12 அக்டோபர் 2025 முதல் அங்கே முத்திரைக்குப் பதிலாக நுழைவதையும் வெளியேறுவதையும் கம்ப்யூட்டரில் பதியும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள்.

'பார்டர் ரன்' என்னும் குறுக்கு வழி

இனி நமது உறுப்பினரின் மருமகன் கதைக்கு வருவோம்.

மிளகாய் வற்றல், மஞ்சள், அப்பளம் அனுப்புவது பற்றி மலேசியாவில் இரண்டு மொத்த வியாபாரிகளிடம் பேசிவரத்தான் பையனை அனுப்பினார்கள். ஆகஸ்ட் நடுவில் போனான். பேச்சு நன்றாகவே நடந்தது. ஒருவர், 'தீபாவளி முடியட்டும், உட்கார்ந்து விலை பேசி முடிப்போம்' என்றார். பையன் தங்கியிருந்தது உறவினர் ஒருவரின் மளிகைக் கடை மாடியில். 'வந்தது வந்தாய் தம்பி, தீபாவளி வரை கடையில் கூடமாட இருந்துவிட்டுப் போ' என்றார் உறவினர். 30 நாள் முடியப் போகிறதே என்றதற்கு, 'அது ஒன்றும் பிரமாதமில்லை, எல்லை தாண்டி ஒரு ராத்திரி தங்கிவிட்டு வா, புது முத்திரை கிடைக்கும்' என்று யாரோ வழி சொன்னார்கள்.

இதைத்தான் 'பார்டர் ரன்' என்கிறார்கள். கெடு முடியும் சமயத்தில் பக்கத்து நாட்டுக்குள் கால் வைத்துவிட்டு, அதே நாளோ மறுநாளோ திரும்பி வந்து மீண்டும் முழு நாட்களையும் வாங்குவது. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவே பாடாங் பெசார், புக்கிட் காயு ஹீத்தாம் – சடாவ், ரந்தாவ் பாஞ்சாங் – சுங்கை கோலோக் என்று பல சாவடிகள் உண்டு. பாடாங் பெசாருக்கு ரயிலே போகிறது. அங்கிருந்து தாய்லாந்தின் ஹட்யாய் நகரம் பக்கம்தான். தாய்லாந்தில் வருடக்கணக்கில் தங்கிய வெள்ளைக்காரர்கள் வெகுகாலமாகச் செய்து பழகிய வழி இது.

பையன் செப்டம்பர் நடுவில் ஒரு தடவை போய்வந்தான். புது முத்திரை கிடைத்தது. அக்டோபர் நடுவில் இரண்டாவது தடவை போனான். திரும்பி வரும்போது அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். எங்கே தங்குகிறாய், இரண்டு மாதமாக என்ன செய்கிறாய், ஊருக்குத் திரும்பும் டிக்கெட் எங்கே என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பையனிடம் ஒழுங்கான பதில் இல்லை. அனுமதி மறுக்கப்பட்டது.

இதில் அதிகாரி செய்தது என்ன என்பது மளிகைக் கடைக்காரருக்குத் தெரியாத விஷயமன்று. நம் கடையில் மாதக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் 30ஆம் தேதி மாலை பாக்கியைத் தீர்க்கிறார். ராத்திரியே அதைவிடப் பெரிய சிட்டையோடு ஆள் அனுப்புகிறார். முதல் மாதம் கொடுப்போம். அடுத்த மாதமும் அப்படியே நடந்தால் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்போமா மாட்டோமா? பாக்கி தீர்ந்தது உண்மைதான். ஆனால் பேரேட்டில் பழைய வரிகள் அழியவில்லை. அதுபோலத்தான் இதுவும். எல்லை தாண்டினால் முத்திரை புதிதாகும், பதிவு புதிதாகாது. எத்தனை தடவை வந்தார், எத்தனை மணி நேரம் வெளியே இருந்தார் என்பதெல்லாம் அதிகாரியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

பல நாடுகள் இதற்குச் சட்டமாகவே வரம்பு வைத்துவிட்டன. தாய்லாந்து 31 டிசம்பர் 2016 முதல், விசா விலக்கில் தரை வழியாக நுழைவதை ஒரு காலண்டர் வருடத்திற்கு 2 தடவை என்று கட்டுப்படுத்தியது. நம் பையன் இரண்டையும் செலவழித்துவிட்டான். மலேசியா திருப்பி அனுப்பியது. மறுபடி மலேசியாவுக்குள் போக முடிந்திருந்தாலும், அந்த வருடத்தில் அடுத்த தடவை தாய்லாந்துச் சாவடியில் நிறுத்தியிருப்பார்கள். 2025 நவம்பரில் தாய்லாந்து இமிகிரேஷன் இலாகா, தகுந்த காரணமின்றி இரண்டு தடவைக்கு மேல் இப்படி எல்லை தாண்டித் திரும்புகிறவர்களுக்கு நுழைவு மறுக்கப்படும் என்றும் அறிவித்தது.

'தெற்கே ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போய்வந்தால் என்ன?' என்று கேட்பவரும் உண்டு. சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். மலேசியாவை விட்டு வெளியேறிய முத்திரையோடு, சிங்கப்பூர் உள்ளே விடாமல் பாலத்தின் நடுவே நிற்கும் நிலை யாருக்கும் வரவேண்டாம்.

எந்தக் காரியத்திற்கு?

நாள் மிச்சமிருந்தாலும் காரியம் தவறாக இருந்தால் அனுமதி செல்லாது. நமது உறுப்பினர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது.

விசா விலக்கில் போகிறவர் ஊர் பார்க்கலாம். சரக்குப் பார்க்கலாம். விலை பேசலாம். கண்காட்சிக்குப் போகலாம்; பாங்காக்கில் வருடந்தோறும் மே மாதம் நடக்கும் தாய்ஃபெக்ஸ் உணவுக் கண்காட்சிக்கு நம்மவர்கள் பலர் போய்வருகிறார்கள். தொழிற்சாலைக்குள் போய் மெஷினைப் பார்க்கலாம், ஆர்டர் எழுதலாம். ஆனால் கல்லாவில் உட்காரக் கூடாது, பில் போடக் கூடாது, மூட்டை இறக்கக் கூடாது. 'சம்பளம் வாங்கவில்லை, மாமா கடை, சும்மா கூடமாட இருந்தேன்' என்பது நம் ஊரில் செல்லும். அங்கே அதிகாரி கண்ணுக்கு வேலை வேலைதான்.

இதில் மாட்டிக்கொள்வது போனவர் மட்டுமல்ல. மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி, உரிய அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தவருக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். தாய்லாந்தில் அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரையும், வைத்திருந்தவருக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரையும் அபராதம் உண்டு. வேலை செய்தவரை நாட்டை விட்டும் அனுப்பிவிடுவார்கள். உறவினருக்கு உதவி செய்வதாக நினைத்து அவர் கடைக்கே ஆபத்தைக் கொண்டுபோய் வைக்கலாமா?

வேலைக்கே போகிறவர் என்றால் வழி வேறு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் பலருடைய பாஸ்போர்ட் 'ஈ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. அந்த வகைப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போவதற்கு மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் முன் அனுமதி பெற வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் தாய்லாந்தும் உள்ளன. சுற்றுலா என்று சொல்லிப் போய் வேலையில் சேர்ந்தால் இங்கும் தவறு, அங்கும் தவறு.

கெடு தாண்டினால்

தாய்லாந்தில் கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம்; உச்ச அளவு 20,000 பாட். பணத்தோடு போய்விட்டால் பரவாயில்லையே என்று நினைக்க வேண்டாம். 20 மார்ச் 2016 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 90 நாளுக்கு மேல் கெடு தாண்டியவர் தாமாகவே விமான நிலையத்தில் வந்து சொன்னாலும் 1 வருடம் அந்த நாட்டுக்குள் வரத் தடை. 1 வருடத்துக்கு மேல் தாண்டினால் 3 வருடத் தடை. 3 வருடத்துக்கு மேல் என்றால் 5 வருடம். 5 வருடத்துக்கு மேல் என்றால் 10 வருடம். இது தாமாக வருபவருக்கு. சோதனையில் பிடிபட்டால், தாண்டியது 1 வருடத்துக்குள் இருந்தாலே 5 வருடத் தடை. அதற்கு மேல் என்றால் 10 வருடம்.

மலேசியாவில் சட்டம் இன்னும் கடுமை. அனுமதிக் காலத்துக்கு மேல் தங்குவது 15ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். நீதிமன்றத்தில் நிரூபணமானால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு வருடம் ஓடியாடிச் சேர்த்த லாபம் ஒரே நாளில் போய்விடும்.

ஆசை காட்டி அழைப்பவர்கள்

விசா விலக்கு வந்தபின் இன்னொரு தீமையும் கூடவே வந்திருக்கிறது. 'விசா வேண்டாம், டிக்கெட் நாங்கள் போடுகிறோம், கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம்' என்று இளைஞர்களைத் தாய்லாந்துக்கு வரவழைத்து, அங்கிருந்து மே சோட் வழியாக எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்திக்கொண்டுபோன சம்பவங்கள் 2022 முதல் நடந்துள்ளன. அங்கே அடைத்துவைத்து இணைய மோசடி வேலை செய்ய வைத்தார்கள். 2025 மார்ச் மாதத்தில் 283 இந்தியர்களை நமது விமானப்படை விமானத்தில் மே சோட்டிலிருந்து மீட்டுவந்தார்கள்; அதே வருடம் நவம்பரிலும் நூற்றுக்கணக்கானவர்கள் மீட்கப்பட்டார்கள்.

ஈரான் கதையும் இதேதான். 4 பிப்ரவரி 2024 முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தது. அதிலும் விமானத்தில் வந்தால்தான் செல்லும், 15 நாள்தான், 6 மாதத்துக்கு ஒரு தடவைதான் என்று மூன்று கட்டுப்பாடு. பார்டர் ரன்னுக்கு இடமே வைக்கவில்லை. ஆனாலும் வேலை தருவதாகவும் வேறு நாட்டுக்கு அனுப்புவதாகவும் சொல்லி இந்தியர்களை அங்கே வரவழைத்துக் கடத்திப் பணம் பறித்தார்கள். முடிவில் 22 நவம்பர் 2025 முதல் அந்தச் சலுகையே நிறுத்தப்பட்டது.

நம் கடைகளில் வேலை பார்க்கும் பையன்கள் இப்படிப்பட்ட பேச்சை நம்பி நம்மிடம் சொல்லாமலே கிளம்பிவிடக் கூடும். வேலைக்கு அழைப்பவர் விசா வேண்டாம் என்று சொன்னால் அதுவே முதல் சந்தேகம் என்று அவர்களுக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

போகுமுன் நாம் செய்ய வேண்டியவை

1. டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த நாட்டுத் தூதரகத்தின் அன்றைய விதியைப் பாருங்கள். எத்தனை நாள், எந்த வழியாக, எத்தனை தடவை என்ற மூன்றையும் பாருங்கள்.

2. பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதக் காலம் மிச்சம் இருக்கட்டும். வெற்றுப் பக்கங்களும் இருக்கட்டும்.

3. நுழைவுப் படிவம் இப்போது இணையத்தில். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போய்ச் சேருவதற்கு 3 நாளுக்குள் பூர்த்தி செய்ய வேண்டும். தாய்லாந்தில் இது 1 மே 2025 முதல் கட்டாயமாயிற்று. இரண்டுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது அரசுத் தளமன்று.

4. திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் விலாசம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி மூன்றும் கையில் அச்சிட்ட காகிதமாக இருக்கட்டும். போனில் இருக்கிறது என்று சார்ஜ் இல்லாத போனைக் காட்ட முடியாது.

5. வியாபாரம் பேசப் போனால், சரக்குக் கொடுப்பவரிடமிருந்தோ கண்காட்சி நடத்துபவரிடமிருந்தோ ஓர் அழைப்புக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் ஒரே பதில் சொல்லுங்கள். 'சுற்றுலா' என்று ஒரு தடவையும் 'வேலை' என்று ஒரு தடவையும் சொல்லக் கூடாது.

6. நுழைந்த அன்றே கடைசி நாளைக் கணக்கிட்டு எழுதி, ஊரிலிருக்கும் குடும்பத்தாருக்கும் தெரிவியுங்கள். கடையில் கடன் கெடுவைக் குறித்துவைப்பது போலக் காலண்டரில் வட்டம் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

7. நாள் போதவில்லை என்றால் எல்லைக்கு ஓடாமல் இமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போங்கள். தாய்லாந்தில் 1,900 பாட் கட்டி நீட்டிப்புக்கு மனுச் செய்ய முறையான வழி உண்டு. மலேசியாவில் நோய், விபத்து போன்ற தக்க காரணத்துக்கு அத்தாட்சி காட்டிக் கேட்கலாம். கெடு முடிவதற்குள் கேட்க வேண்டும். முடிந்தபின் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும்.

8. மாதக்கணக்கில் தங்க வேண்டிய வேலை என்று முன்பே தெரிந்தால், விசா விலக்கை நம்ப வேண்டாம். தாய்லாந்துக்கு வணிக விசா உண்டு. மலேசியாவில் மெஷின் பழகவோ பயிற்சி பெறவோ போவதானால், அங்குள்ள கம்பெனியே முன்கூட்டி விண்ணப்பித்துத் தொழில்முறை வருகை அனுமதி வாங்கித் தர வேண்டும். செலவும் தாமதமும் உண்டு. ஆனால் இரவில் தூக்கம் வரும்.

9. சிக்கல் வந்தால் அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தை உடனே தொடர்புகொள்ளுங்கள். வழியில் கிடைக்கும் தரகரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

முடிவாக

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். தாய்லாந்தில் அவனுக்கு அனுமதி நாள் மிச்சம் இருந்ததால் சட்டச் சிக்கல் ஏதும் வரவில்லை. மாமா பணம் அனுப்பினார். ஹட்யாயில் இரண்டு இரவு தங்கி, பாங்காக் வழியாகச் சென்னை வந்து சேர்ந்தான். அவன் பெட்டி கோலாலம்பூரிலேயே நின்றுவிட்டது. டிக்கெட், விடுதி, மற்றச் செலவு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. அதைக்கூட நமது உறுப்பினர் பெரிதாக நினைக்கவில்லை. தீபாவளி முடிந்து விலை பேசலாம் என்று சொன்ன மொத்த வியாபாரி, பேச வேண்டிய நாளில் ஆள் வராததால் வேறொருவரிடம் ஆர்டரைக் கொடுத்துவிட்டார். அதுதான் அவருக்கு ஆறவில்லை.

"பேச்சு முடிந்த அன்றைக்கே ஊருக்கு வந்துவிட்டு, தீபாவளி கழித்து மறுபடி போயிருந்தால் ஒரு டிக்கெட் செலவோடு போயிருக்கும் அண்ணாச்சி" என்றார்.

இதற்குமேல் நாம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் 30 நாளில் அந்தப் பையன் போன காரியம் முடிந்துவிட்டது. அந்த அனுமதியில் தவறே இல்லை. அதற்குப் பிறகு இருந்த ஒவ்வொரு நாளும் அடுத்தவர் கடைக்காக இருந்த நாள்; அதற்கு விலை கொடுத்தது இவர் கடை. விசா விலக்கு என்பது போய்ப் பார்த்து, பேசி, முடித்து, திரும்புவதற்கான சலுகை. அதை அந்த அளவுக்குள் பயன்படுத்துகிற வியாபாரிக்கு அது பெரிய வரம். காரியம் அந்த நாட்களுக்குள் அடங்காது என்றால், காரியத்துக்கு ஏற்ற விசாவை வாங்கிக்கொண்டு போவதே மரியாதை. லாபமும் அதில்தான் இருக்கிறது.

வெளிநாடு போகவிருக்கும் உறுப்பினர்கள் டிக்கெட் எடுக்கும் முன் சங்க அலுவலகத்துக்கு ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போகலாம். முன்னர் போய்வந்த உறுப்பினர்களின் அனுபவத்தை நாம் சொல்லித் தருவோம். போய்வந்தவர்களும், வழியில் கேட்ட கேள்விகளையும் பட்ட அனுபவங்களையும் நமக்கு எழுதியனுப்புங்கள். அடுத்துப் போகும் அண்ணாச்சிக்கு அது உதவும்.